முதலில் போனவர்

தண்டபாணியின் நிகருடல் ஆயிரம் முறை அறுவைசிகிச்சைக்குப் போய், தொள்ளாயிரத்துச் சொச்சம் முறை இறந்துபோனது. அந்தச் செய்தி கைப்பேசிக்கு வந்தபோது தண்டபாணி பால்கனியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். இரண்டு கொத்து உருவினால் மூச்சு வாங்கியது. கொஞ்ச நேரம் கம்பியைப் பிடித்தபடி இருந்துவிட்டு மறுபடியும் உருவினார்.

அவர் மனைவி சுகுணாதான் செய்தியைப் படித்தார்.

"என்ன போட்டிருக்குது?"

"வேண்டாமுன்னு போட்டிருக்குதுங்க."

"எனக்கா, அதுக்கா?"

"அதுக்கு ஆகலையாம். அதனால உங்களுக்கும் வேண்டாமாம்."

தண்டபாணி சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியிலேயே இருமலாகிவிட்டது.

அது 2059ஆம் ஆண்டு. தமிழ்நாட்டில் எந்தத் தெருவில் பார்த்தாலும் பிள்ளைகளைவிட முதியவர்களே அதிகமாகத் தெரிந்தார்கள். முதியோர் காப்பு நிதியத்துக்குச் சந்தா கட்டும் வயதில் இருந்தவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தார்கள். அதை வைத்து வைத்தியம் பார்த்துக்கொள்பவர்கள் கூடினார்கள். நிதியத்தை இழுத்து மூடிவிடுவார்கள் என்று எல்லோரும் பேசிக்கொண்ட காலத்தில்தான் நிகருடல் வந்தது. அறுபது வயது நிரம்பியவர்களின் ரத்தம், ஸ்கேன், மரபணு, பார்த்த வேலை, குடித்த தண்ணீர் என்று கிடைத்த அத்தனையையும் கொண்டு கணினிக்குள் ஓர் உடலை உண்டாக்கினார்கள். எந்தப் பெரிய சிகிச்சையும் முதலில் அந்த உடலுக்குத்தான் நடக்கும். அது இரண்டு ஆண்டு தாக்குப்பிடித்தால் முழுச் செலவையும் நிதியம் ஏற்கும். தாக்குப்பிடிக்காவிட்டால், வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளும் மருத்துவம் மட்டும். பலன் இல்லாத சிகிச்சைகள் நின்றன. நிதியம் மூச்சுவிட்டது.

சுகுணாவுக்கு நிதியத்தின்மேல் வெறுப்பு கிடையாது. அவருடைய அப்பா சிறுநீரகம் கெட்டுக் கிடந்தபோது வீடு போனது, அம்மாவின் நகை போனது, கடைசியில் அப்பாவும் போனார். சுகுணாவுக்கு இடுப்பெலும்பு உடைந்தபோதோ, ஆஸ்பத்திரியில் யாரும் அவரிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. நிகருடல் எழுந்து நடந்தது, சுகுணாவும் எழுந்து நடந்தார். அப்படி நடக்க வைத்த ஒன்று இப்போது புருஷனுக்கு மட்டும் எப்படிக் கைவிரிக்கிறது என்பதுதான் அவருக்குப் புரியவில்லை.

திருப்பூர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த நிதியத்தின் மறுபார்வை அலுவலகத்துக்கு இருவரும் ஆட்டோ பிடித்துப் போனார்கள். அங்கிருந்த அலுவலர் ஆதிரைக்கு முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். மருத்துவம் படித்துவிட்டுக் கணினிப் பக்கம் வந்தவர். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து, திரையை அவர்கள் பக்கம் திருப்பினார்.

"இதய வால்வு மாத்துறதுல சிக்கல் இல்லீங்க. தொடையில ரத்தக்குழாய் வழியா உள்ள கொண்டுபோய் வெச்சிருவாங்க. உங்க நிகருடல் அதைத் தாங்குது. மூணு நாலு நாள் கழிச்சு நுரையீரல் கைவிட்டுருது. இருபது வருசத்துக்கு மேல சாயப்பட்டறையில இருந்திருக்கீங்க."

"இருந்தேனுங்க. ஆனா மூச்சை ஊதச் சொல்லிப் பாத்த டாக்டரு, நுரையீரல் பரவால்லைன்னுதானே சொன்னாரு?" என்றார் தண்டபாணி.

"உங்க மூச்சை மட்டும் வெச்சு அது முடிவு பண்றதில்லீங்க. உங்கள மாதிரி வேலை பாத்தவங்களுக்கு இதே ஆபரேஷன்ல என்ன ஆச்சுன்னும் பாக்கும்."

சுகுணா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "எத்தன பேரைப் பாத்துக் கத்துக்கிச்சுங்க?"

ஆதிரை எதையோ தட்டிப் பார்த்தார். பார்த்ததைச் சொல்வதற்குக் கொஞ்சம் தயங்கினார்.

"அறுபத்தஞ்சு வயசுக்கு மேல, சாயத்தொழில், இந்த வால்வு... பதினொரு பேருங்க."

"அதுல எத்தன பேரு இருக்கறாங்க?"

"ரெண்டு பேரு."

"எப்பப் பண்ணினது அதெல்லாம்?"

"நிதியம் மூடற நெலமையில இருந்தப்ப. வரிசையில காத்திருந்து காத்திருந்து, ரொம்ப முத்தினப்புறம் பண்ணியிருக்காங்க."

தண்டபாணி தலையாட்டினார். "எங்காளுக அறுபத்தஞ்சு தாண்டி இருந்தாத்தானுங்களே அதுக்குக் காட்டறதுக்கு? பாதிப்பேரு அம்பதுலயே போய்ச் சேந்துட்டாங்க."

"அப்ப, செத்தவங்களப் பாத்துத்தான் இவரும் செத்துருவாருங்குது," என்றார் சுகுணா.

ஆதிரை அதை ஒப்புக்கொண்டார். "அதுக்குப் பொய் சொல்லத் தெரியாதுங்கம்மா. காட்டினதைத்தான் சொல்லும். தப்பா 'வேண்டாம்'னு சொன்னா நிதியத்துக்கும் நஷ்டந்தான். வால்வு மாத்தாம விட்டா இவரை வருசத்துக்கு நாலு தடவை ஆஸ்பத்திரியில சேக்கணும். அதனால ஒரு விதி வெச்சிருக்கோம். ஒரு தொழில்காரங்கள்ல ஒருத்தர், நிகருடல் முடியாதுன்னு சொன்னதுக்கு அப்புறமும், தெரிஞ்சே முன்வந்தா நிதியம் செலவை ஏத்துக்கும். அவர் பொழச்சா நிகருடல் அவரைப் பாத்துத் திருத்திக்கும். மூணு மாசத்துல மத்தவங்களுக்குத் தற்காலிகமா வழி திறக்கும். அவர் ரெண்டு வருசம் நல்லா இருந்தா அது நிரந்தரம்."

"இல்லாமப் போனா?"

"அதையும் அது கத்துக்கும். அஞ்சு வருசத்துக்கு அந்தத் தொழில்காரங்க யாருக்கும் மறுபடி இந்த வாய்ப்பு இல்லீங்க."

ஆட்டோ பிடித்துத் திரும்பினார்கள். வீட்டு வாசலில் இறங்கியதும் தண்டபாணி சொன்னார்: "நான் செத்தா என்னோட போயிரும்னு நெனச்சேன் சுகுணா. இது ஊரையே இழுத்துக்கிட்டுப் போகுமாட்ட இருக்குது."

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீரபாண்டியில், ஓய்வுபெற்ற சாயத் தொழிலாளர் சங்கத்தின் கூடத்தில் பேச்சு நடந்தது. வால்வுக்கும் வேறு இதயச் சிகிச்சைகளுக்கும் இதே பதிலை வாங்கியிருந்தவர்கள் நாற்பது பேர் போல வந்திருந்தார்கள். சங்கத் தலைவர் ஜெயபால் நல்ல மனிதர். யாரையும் கடிந்து பேசத் தெரியாதவர். அன்று அவருக்கே வார்த்தை தடுமாறியது.

"தண்டபாணி, தப்பா எடுத்துக்காத. நீ போறது உன்னோட உரிமை. ஆனா உன் நெலமையில நீ முன்னால போயி, உனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, அஞ்சு வருசம் எங்களுக்கும் கதவைச் சாத்திருவாங்க. இங்க உக்காந்திருக்கறவங்கள்ல அஞ்சு வருசம் யாருக்குத் தாங்கும்?"

"அப்ப இவரு ஒண்ணும் பண்ணாம உக்காந்து செத்துப் போகோணுமா?" என்று சுகுணா எழுந்துவிட்டார்.

தண்டபாணி அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "அவரு சொல்றது நெசந்தான். எனக்கு இப்பவே மாடி ஏற முடியல. நான் பெயிலானா எல்லாரும் பெயிலு. என்னைவிடத் தெம்பா இருக்கறவங்க யாராச்சும் போனா, அது நல்லது."

யாரும் யாரையும் பார்க்கவில்லை. இன்னும் நடமாட்டத்தோடு இருக்கும் ஒருவரைப் பார்த்து, போய்ப் படு என்று யார் சொல்வது?

"நான் போறேனுங்க."

கடைசி வரிசையில் நின்றிருந்த சுதர்சன் பெஹெராதான் சொன்னார். அறுபத்தெட்டு வயது. இருபது வயதில் ஒடிசாவிலிருந்து அண்ணனோடு திருப்பூருக்கு வந்தவர். ஊருக்குப் பணம் அனுப்பிக்கொண்டே இருந்ததில் கல்யாண வயது கடந்துவிட்டது. வீரபாண்டியில் ஒற்றை அறையில் தனியாக இருந்தார். சாயப்பட்டறையில் தண்டபாணிக்கு அடுத்த மிஷினில் நின்றவர்தான், ஆனாலும் அப்படியொன்றும் நெருங்கிய பழக்கம் கிடையாது. வழியில் பார்த்தால் நலம் விசாரிப்பதோடு சரி.

"உனக்கும் வால்வுதானா?" என்று கேட்டார் ஜெயபால்.

"ஆமாங்க. எனக்கும் ஆகாதுன்னுதான் வந்திருக்குது. ஆனா நான் இன்னும் சைக்கிள் ஓட்டறனுங்க."

கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் சுகுணா அவரை டீக்கடை ஓரத்தில் நிறுத்தினார். "தம்பி, எதுக்கு இந்த வேலை? நல்லா யோசிச்சுத்தான் சொன்னீங்களா?"

சுதர்சன் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். "எங்கண்ணன் பவித்ரா செத்தது உங்களுக்கு ஞாபகம் இருக்குமுங்க்கா. கழிவுத் தொட்டி கழுவ எறங்கி, மூச்சடைச்சு. முப்பத்திநாலு வயசு. சாயத் தொழிலாளின்னா சீக்கிரம் செத்துருவான்னு அந்த மெசினு கத்து வெச்சிருக்குதே, அதுல எங்கண்ணனும் ஒருத்தன். அவன் செத்ததை எழுதிக்கிட்டாங்கல்ல? நான் பொழச்சா அதையும் எழுதிக்கட்டும்."

சுகுணா டீக்குக் காசைக் கொடுத்தார்.

அறுவைசிகிச்சை அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் சங்கத்தில் பாதிப்பேர் நின்றார்கள். உள்ளே போகுமுன் சுதர்சன், "என்னைய வேடிக்கை பாக்கவா இத்தன பேரு?" என்று கேட்டுவிட்டுப் போனார். எல்லாம் சரியாகத்தான் முடிந்தது. ஆனால் மறுநாள் காலையில் அவருடைய வலது கை விரல்கள் மூடவில்லை. ரத்தக்குழாயில் இருந்து பெயர்ந்த சிறு துகள் ஒன்று மூளைக்குப் போய்விட்டது என்றார் மருத்துவர். பேச்சு கொஞ்சம் குழறி, இரண்டு நாளில் தெளிந்தது. விரல்கள் மட்டும் தெளியவில்லை.

அந்த மருத்துவர்தான் போகிற போக்கில் சுகுணாவிடம் சொன்னார்: "இவருக்கு இவ்வளவு அவசரமே இல்லீங்க. மாத்திரையிலயே மூணு நாலு வருசம் ஓட்டியிருக்கலாம். நானும் சொல்லிப் பாத்தேன்."

சுகுணா படுக்கைக்குப் போய் அவர் முன்னால் நின்றார். கோபமா அழுகையா என்று அவருக்கே தெரியவில்லை. "மாத்திரையே போதும்னு சொன்னாங்களாமே?"

"அக்கா, தெம்பு இருக்கறப்பதானுங்க போக முடியும்? தண்டபாணி அண்ணன் சொன்னதைத்தான நான் செஞ்சேன்."

மூன்றாம் நாள் வந்தது, நாலாம் நாள் வந்தது. நிகருடல் கைவிட்ட இடத்தில் சுதர்சனின் நுரையீரல் கைவிடவில்லை. ஆறாம் நாள் எழுந்து நடந்தார். இடது கையால் இட்லியைப் பிட்டுத் தின்னத் தெரியாமல் சட்டையெல்லாம் சட்னி ஆக்கிக்கொண்டார்.

மூன்று மாதம் கழித்து ஆதிரை தண்டபாணியை வரச் சொன்னார். திருத்திய கணக்கில் அவருடைய நிகருடலை மறுபடியும் ஆயிரம் முறை அனுப்பிப் பார்த்திருந்தார்கள். பெரும்பாலும் உயிரோடு திரும்பி வந்தது.

"அதே உடம்புதானுங்களே? போன தடவை செத்துப்போன உடம்புதானே இது?" என்றார் தண்டபாணி நம்பாமல்.

"அதே உடம்புதானுங்க. பொழைக்க முடியும்கறதை இப்பத்தான் அது பாத்திருக்குது," என்றார் ஆதிரை.

தண்டபாணிக்கு வால்வு மாற்றினார்கள். வீட்டுக்கு வந்த மறுவாரம், காலையில் சுகுணா காபியோடு வந்தபோது படுக்கை காலியாக இருந்தது. பதறிப்போய்த் தேடினால், மனிதர் மொட்டை மாடியில் நின்று வேட்டியைக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். யாரையும் பிடிக்காமல், எங்கும் உட்காராமல் ஏறிப் போயிருக்கிறார். சுகுணாவைப் பார்த்ததும் சத்தமில்லாமல் வாயைத் திறந்து ஒரு நீண்ட மூச்சை இழுத்துக் காட்டினார், புதுச் சட்டையைக் காட்டுகிற பிள்ளையைப் போல. சுகுணா அங்கேயே சுவரோரம் உட்கார்ந்து அழுதார். அன்று மத்தியானமே பருப்பும் ரசமும் சோறுமாகக் கட்டிக்கொண்டு வீரபாண்டிக்குப் பஸ் ஏறினார்கள்.

சுதர்சனின் அறைக்குப் போனால் ஏற்கெனவே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

சுதர்சன் இரண்டு வருடம் நல்லபடி இருந்தால்தான் வழி நிரந்தரம். நடுவில் அவருக்கு ஏதாவது ஆனால், காத்திருக்கும் அத்தனை பேருக்கும் கதவு மறுபடி சாத்தப்படும். ஆகவே சங்கம் அவரைத் தத்தெடுத்துக்கொண்டது. திங்கள் இன்னார் வீட்டுச் சாப்பாடு, செவ்வாய் இன்னார் என்று முறை போட்டார்கள். ஜெயபால் காலையில் அவரை நடக்க அழைத்துப் போனார். வாய்க்குள் புகையிலை ஒதுக்கும் பழக்கத்தைப் பிடுங்கி எறிந்தார்கள். அவருடைய சைக்கிளின் காற்றை யாரோ வேண்டுமென்றே பிடுங்கிவிட்டார்கள். மழை தூறினால் நாலு பேர் குடையோடு வந்தார்கள்.

"எங்கம்மா கூட என்னைய இப்பிடி வளத்தலீங்க," என்று சுதர்சன் தண்டபாணியிடம் புலம்பினார். "ஒருத்தரு உப்புப் போடாம ஆக்கிக் கொண்டாந்தா, அடுத்தவரு வந்து 'உப்புப் போட்டாங்களா'ன்னு வாசம் புடிக்கறாரு. ஒரு பஜ்ஜி திங்க முடியலீங்ணா!"

தண்டபாணியும் அவரும் அந்த நாட்களில்தான் உண்மையாகவே நண்பர்கள் ஆனார்கள். சுதர்சனின் சட்டைப் பொத்தானைத் தண்டபாணி போட்டுவிடுவார். இருவரும் திண்டாட்டமாக இடது கையால் எழுதிப் பழகினார்கள். சுதர்சனுக்குத் துணையாகத் தண்டபாணியும் இடது கையால்.

வந்துபோனவர்களில் ஒருவரைப் பற்றி மட்டும் சுகுணாவுக்கு விளங்காமல் இருந்தது. வசந்தாமணி. அவருடைய வீட்டுக்காரர் கதிர்வேலும் சாயப்பட்டறைக்காரர்தான். இதே வால்வுக்கு இதே பதில் கிடைத்து, முந்தைய ஆண்டு இறந்துபோனவர். வசந்தாமணிக்கு இந்தக் கதவு திறந்தாலும் ஒன்றுதான், மூடினாலும் ஒன்றுதான். அப்படியிருந்தும் வாராவாரம் கம்பங்கூழ் கொண்டுவந்தார். ஒரு நாள் பாத்திரம் கழுவும்போது சுகுணா கேட்டேவிட்டார்.

வசந்தாமணி தண்ணீரை நிறுத்தினார். "எங்க வீட்டுக்காரருக்கு இது தொறக்கல. மொத நாளு, இந்தாளு ஒரு வருசம் முன்னாடி போயிருக்கக் கூடாதான்னு ஆங்காரத்தோடதான் வந்தேன். வந்து பாத்தா வெரலு மடங்காம, தட்டுல சோத்தைத் தொரத்திக்கிட்டு உக்காந்திருக்கறாரு. என்னத்தக் கேக்கறது? ஊட்டிவுட்டேன். அப்புறம் வராம இருக்க முடியல."

சுதர்சனுக்கு அறுவைசிகிச்சை நடந்து ஏழெட்டு மாதம் போயிருக்கும். ஒரு நாள் நிதியத்திலிருந்து சுகுணாவின் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. நிதியத்தின் செய்திகளை யாரும் முழுதாகப் படிப்பதில்லை. ஒரு வாக்கியம் ஒரு பக்கம் ஓடும். சுகுணா படித்தார். விதியைத் திருத்தியிருந்தார்கள். முன்வந்தவரின் உடல்நிலையை இரண்டு ஆண்டு பார்க்கத் தேவையில்லை, ஆறு மாதமே போதுமானது. சாயத் தொழிலாளர்களுக்கான நிகருடல் அன்றைய தேதியிலிருந்து நிரந்தரமாகத் திருத்தப்பட்டது.

அதாவது, இனி சுதர்சன் நலமாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் யாருக்கும் எதுவும் குறையாது.

சுகுணா தண்டபாணியிடம் காட்டினார். அவரும் ஒருமுறை படித்தார்.

"சங்கத்துல சொல்லோணுமுங்களா?"

"சொன்னா?"

"வர்றவங்க வரமாட்டாங்க."

"நாம போவோம்."

"நாம ரெண்டு பேரு வாரம் பூராப் போக முடியுமுங்களா? வயசு என்ன ஆச்சு நமக்கு?"

"அப்பச் சொல்லாத," என்றார் தண்டபாணி. "எவனும் அதைப் படிச்சிருக்க மாட்டான்."

சொல்லவில்லை. அது சுகுணாவின் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. மூட்டுவலியோடு தூக்குவாளியைத் தூக்கிக்கொண்டு வரும் ஒவ்வொருவரையும் பார்க்கும்போது ஏமாற்றுவது போல இருந்தது. ஆனாலும், சுதர்சன் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் முகத்தை நினைத்து வாயை மூடிக்கொண்டார்.

இரண்டு ஆண்டு நிறைந்த நாளில் சங்கம் ஒரு விருந்து வைத்தது. கூடத்தில் இலை போட்டார்கள். பஜ்ஜி உண்டு என்று ஜெயபால் முன்கூட்டியே அறிவித்துவிட்டார். சாப்பாடு ஆரம்பிக்கும் நேரத்தில் ஆதிரை வந்தார். அழைப்பின் பேரில்தான் வந்திருந்தார்; ஆனால் கையில் வேலையும் இருந்தது.

"சுதர்சன் ஐயாவோட நிகருடல் இன்னும் ஓடிட்டுத்தான் இருக்குது," என்றார். "இவரு அதைவிட ரொம்ப நல்லா இருக்காரு. ஒரு தடவை கூட ஆஸ்பத்திரியில சேரல. ரத்த அழுத்தம், எடை, தூக்கம், எல்லாமே கணக்கை மீறி நல்லா இருக்குது. ஏன்னு நிகருடலுக்குத் தெரியல. என்னைய விசாரிச்சு எழுதச் சொல்லியிருக்காங்க."

"அதுக்கு நாங்கதான் காரணம்," என்றார் ஒருவர். கூடமே சிரித்தது. முறை போட்டுப் பார்த்துக்கொண்டதை எல்லாம் ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள்.

ஆதிரை குழம்பிப் போனார். "ரெண்டு வருசமாவா? ஆனா, ஆறு மாசத்தோட அது முடிஞ்சிருச்சே. எல்லாருக்கும் செய்தி அனுப்பியிருந்தோமே?"

சுகுணா எழுந்து நின்றார். "எனக்கு வந்துச்சுங்க. நான்தான் யாருகிட்டயும் சொல்லல. சொன்னா இவரைப் பாக்க யாரும் வரமாட்டீங்கன்னு... என்னைய மன்னிச்சுக்கோங்க."

 ஜெயபால் இருமினார். "எனக்கும் வந்துச்சும்மா."

"எனக்குந்தான்," என்றது இன்னொரு குரல். "நான் சொன்னா நீங்கெல்லாம் நின்னுருவீங்களேன்னு நெனச்சேன்."

"எம்பையன் படிச்சுக் காட்டினான். வெளிய சொல்லாதடான்னுட்டேன்."

ஒவ்வொருவராகக் கையைத் தூக்கினார்கள். அத்தனை பேரும், மற்ற அத்தனை பேருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு, கிட்டத்தட்ட ஒன்றரை வருடமாகச் சோறு சுமந்திருக்கிறார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் சுதர்சனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கும் வந்துச்சுங்க," என்றார் தணிந்த குரலில். "மொதல்ல எனக்குத்தான் வந்துச்சு. சொல்லியிருக்கோணும். ஆனா சாயங்காலமானா யாராச்சும் கதவைத் தட்டுவாங்க பாருங்க... அது நின்னு போயிருமேன்னு பயந்துட்டேன்."

வசந்தாமணி எழுந்து போய் அவர் இலையில் இன்னும் இரண்டு பஜ்ஜி வைத்தார். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், சிலர் சிரித்தார்கள். பெரும்பாலானவர்கள் இரண்டையும் செய்தார்கள்.

ஆதிரை மட்டும் சாப்பிடாமல் யோசித்துக்கொண்டிருந்தார். "இதை இப்படியே எழுதிரட்டுங்களா? வீட்டுக்கு நாலு பேரு வந்துபோனா உடம்பு தேறுதுன்னு?"

"தாராளமா எழுதுங்க," என்றார் ஜெயபால்.

"வேண்டாமுங்கம்மா," என்றார் சுதர்சன். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். "நீங்க எழுதினா அந்த மெசினு கத்துக்கும். அப்புறம் ஒவ்வொருத்தனையும் கேக்கும், உன்னையப் பாக்க வீட்டுக்கு யாரு வருவாங்கன்னு. யாரும் இல்லாதவன் என்ன சொல்லுவான்? ஆபரேஷனுக்கு முந்தி என்னையக் கேட்டிருந்தா, நானே பெயிலுங்க."

ஆதிரை அவரையே பார்த்தார். அவர் வேலையில் சேர்ந்து பத்து ஆண்டு ஆகியிருந்தது. நிகருடலுக்குத் தெரியாததை எல்லாம் தெரியப்படுத்துவதுதான் நல்லது என்று நம்பியே அத்தனை நாளும் எழுதியிருந்தார்.

"அப்ப நான் என்னத்தை எழுதறதுங்க?"

 ஆதிரை கைக்கணினியை மூடிவைத்துவிட்டு இலையில் உட்கார்ந்தார்.

பிறகு அவர் எழுதியது சுகுணாவுக்கும் மற்றவர்களுக்கும் சில மாதங்கள் கழித்துத்தான் தெரிந்தது. காரணம் என்ற இடத்தில் அவர் எதையும் சேர்க்கவில்லை. பரிந்துரை என்ற இடத்தில் எழுதியிருந்தார். வீட்டில் யாருமில்லாமல் சிகிச்சைக்கு வரும் முதியவர் எவரானாலும், சிகிச்சையோடு சேர்த்து, வந்துபோக ஆட்களையும் நிதியமே ஏற்பாடு செய்ய வேண்டும். மறுபடி மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்ப்பதைவிட அதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. திருப்பூரில் அதற்கு ஆட்கள் தயாராக இருக்கிறார்கள்.

நிதியம் ஒப்புக்கொண்டது. முதலில் திருப்பூரில் மட்டும், ஓர் ஆண்டுக்கு.

சங்கத்தில் எல்லோரும் பெயர் கொடுத்தார்கள். சுதர்சனும் கொடுத்தார், ஒரு கையால் தூக்க முடிந்த தூக்குவாளியாகப் பார்த்து வாங்கிக்கொண்டார். சுகுணாவுக்குக் கிடைத்தது அவிநாசி சாலைப் பக்கம் ஓர் அடுக்ககம். நாலாம் மாடி. வங்கியிலோ எங்கோ பெரிய வேலையில் இருந்து ஓய்வு பெற்றவராம், பிள்ளைகள் வெளிநாட்டில். நேற்றுத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருக்கிறார்.

சுகுணா அழைப்புமணியை அழுத்தினார். உள்ளே செருப்புத் தேய்ந்து வரும் சத்தம் வெகுநேரம் கேட்டது. கதவு ஒரு சாண் திறந்தது. சவரம் செய்யாத முகம். கண்ணில் சந்தேகம்.

"யாரும்மா நீங்க? உங்களை எனக்குத் தெரியாதே. என்ன வேணும்?"

நிதியத்தில் சொல்லிக்கொடுத்த வாக்கியம் ஒன்று இருந்தது. அது ஒரு பக்கம் நீளம். சுகுணாவுக்கு அதில் ஒரு வார்த்தைகூட நினைவுக்கு வரவில்லை.

"ஒண்ணும் வேண்டாமுங்க," என்றார். "சும்மா உங்களைப் பாத்துட்டுப் போலாமுன்னு வந்தேனுங்க."

அந்த மனிதர் அவரையும் கையிலிருந்த தூக்குவாளியையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் சங்கிலியைக் கழற்றிக் கதவை முழுதாகத் திறந்தார்.